ஸ்டெல்லாவுடன் ஒன்பது தை மாதங்கள்

அன்று திங்கட்கிழமை. மீஞ்சூரில் எங்கள் லோக்கல் வந்து நின்றபோது லேடீஸ் பெட்டியில் சத்தமே இல்லை. கும்மிடிப்பூண்டி போகும் அந்த வண்டியில் வருபவர்களுக்குத் தெரியும், நம் பெட்டியின் சத்தம் அடுத்த இரண்டு பெட்டிகளுக்குக் கேட்கும். ஒருத்தி கீரை ஆய்ந்துகொண்டிருப்பாள், ஒருத்தி நாத்தனாரைத் திட்டிக்கொண்டிருப்பாள், ஒருத்தி டிபன் பாக்ஸைத் திறந்து நாஷ்டாவைப் பங்கு போட்டுக்கொண்டிருப்பாள். நான் ஏறியதும், "தள்ளிக் குந்துங்கடி, வசந்தி வந்துட்டா" என்று ஒரு குரல் வரும். அன்று யாரும் தள்ளி உட்காரவில்லை. எல்லோரும் எழுந்து நின்றார்கள். என் போன் சார்ஜ் தீர்ந்து அணைந்து கிடந்ததால் எனக்கு மட்டும்தான் தெரியாமல் இருந்திருக்கிறது. "நம்ம ஸ்டெல்லா போயிட்டாடி" என்றாள் கோமளா. ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வீட்டுக்கு வந்தவள், நெஞ்சு வலிக்கிறது என்று நாற்காலியில் உட்கார்ந்தாளாம். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும்கூட உயிர் தாங்கவில்லை. அவளுக்கு ஐம்பத்தொரு வயது. நான் வேலைக்குப் போகாமல், அவள் வீடு இருக்கும் பொன்னேரியிலேயே இறங்கிவிட்டேன்.

முப்பதாம் நாள் பூசையில், "அவகூட ஆறு, ஏரின்னு சுத்துனவ நீதான், நீயே எழுது" என்று இந்த வேலையை என் தலையில் கட்டினீர்கள். எழுதுகிறேன். ஆனால் அவளைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதுவதற்கு முன்னால், என்னைப் பற்றிக் கெட்டதாக ஒன்று எழுத வேண்டியிருக்கிறது. அவளிடம் சொல்லிவிட வேண்டும் என்று ஒன்பது வருடம் வாயெடுத்து வாயெடுத்து விழுங்கிய விஷயம் அது.

எங்கள் இரும்பாலையில் அவள் லேப். நான் டெஸ்பாட்ச். உலையிலிருந்து வரும் சாம்பிளைச் சோதித்து, ரீடிங்கை ஒரு சிலிப்பில் எழுதி அவள் என்னிடம் அனுப்புவாள். அதைப் பார்த்து நான் சர்டிபிகேட் அடித்து லாரிக்காரரிடம் கொடுப்பேன். அவளுடைய அம்மா நாற்று நட்ட நிலத்தின்மேல்தான் அந்த ஆலையே நிற்கிறது. அந்த வீட்டிலிருந்து முதன்முதலாக பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்துவிட்டு, வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு அதே இடத்துக்குள் நுழைந்தவள் ஸ்டெல்லா. அந்தக் கோட்டை அவளே துவைத்து, அவளே இஸ்திரி போடுவாள், வீட்டில் வேறு யாரையும் தொடவிட மாட்டாள். ஒருநாள் ஒரு லோடு திரும்பி வந்தது. சர்டிபிகேட்டில் ஒரு ரீடிங், இரும்பில் வேறு ரீடிங். விசாரணை வைத்தார்கள். "சரியா எழுதித்தான் சார் அனுப்புனேன்" என்றாள் அவள். "எனக்கு அந்த சிலிப் வரவே இல்ல சார், மேஜமேல இருந்ததப் பாத்துத்தான் அடிச்சேன்" என்றேன் நான். சத்தியமாக அப்படித்தான் நினைத்துச் சொன்னேன். அவளுக்கு மெமோ கொடுத்தார்கள். கோட்டை வாங்கிக்கொண்டு, கேட்டுக்குப் பக்கத்தில் லாரி எடை போடும் மேடைக்கு அனுப்பிவிட்டார்கள்.

மூன்று நாள் கழித்து அந்த சிலிப் என் டிராயரில், ரைட்டிங் பேடுக்குப் பின்னால் சொருகிக் கிடந்தது. அவள் கையெழுத்து, அன்றைய தேதி, சரியான ரீடிங். முந்தைய நாள் சிலிப்பைப் பார்த்து அடித்துத் தொலைத்திருக்கிறேன். அந்த நிமிடமே எழுந்துபோய்ச் சொல்லியிருக்கலாம். நான் கான்ட்ராக்ட் ஆள். சொன்னால் அன்று சாயந்திரமே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வீட்டுக்காரருக்கு அப்போது வேலை இல்லை, இரண்டு பெண்கள் படித்துக்கொண்டிருந்தார்கள். இதெல்லாம் உண்மைதான், ஆனால் இதெல்லாம் ஒரு காரணமா? அந்தச் சிலிப்பைக் கிழித்துக் கழிவறையில் போட்டேன். அதற்குப் பிறகு பதினாலு மாதம் ஸ்டெல்லா என்னோடு பேசவில்லை. ஒரே பெட்டியில்தான் வந்தோம். முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தோம். நடுவில் இருந்த நீங்கள் எல்லோரும் என்னதான் சண்டை என்று கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டீர்கள்.

அடுத்த வருடத் தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நம் பெட்டிக்காரர்கள் எல்லோரும் பழவேற்காட்டுக்குப் படகில் போனோமே, நினைவிருக்கிறதா? ஸ்டெல்லாவின் சித்தப்பா மகன் சேவியர்தான் பைபர் படகு கொண்டுவந்தார். அவரிடம் இரண்டு மஞ்சள் கயாக்கும் இருந்தன. துடுப்புப் போடும் ஒல்லியான சின்னப் படகுகள், யாரோ சுற்றுலாவுக்கு என்று கொண்டுவந்து, தொழில் சரிவராமல் அவரிடமே விட்டுப் போனவை. ஒன்றில் இரண்டு பேர் உட்காரலாம். ஒரே எடையுள்ளவர்களாகச் சேர்ந்து ஏறினால்தான் ஆடாமல் போகும் என்றார் சேவியர். "எட போடறதா? எங்கிட்ட உடு" என்று ஸ்டெல்லா முன்னால் வந்தாள். எல்லோரையும் மேலும் கீழும் பார்த்தாள். "கோமளா எழுபது. சாந்தி, நீ அம்பத்தி மூணு, நிமிந்து நில்லு." நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். என்னிடம் வந்தபோது என் முகத்தைப் பார்க்காமலே, "இது அறுபத்திரெண்டு. நானும் அறுபத்திரெண்டு" என்று சொல்லிவிட்டுப் போய் முன் இருக்கையில் உட்கார்ந்துவிட்டாள். பின்னால் ஏறி உட்கார்ந்தேன்.

பேசாத இரண்டு பேர் ஒரு கயாக்கில் போக முடியாது. அவள் வலது பக்கம் துடுப்புப் போட்டால் நானும் வலது பக்கம் போட வேண்டும். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் போட்டோம். ஆரணியாறு ஏரியில் வந்து கலக்கும் இடத்தில் அந்த மஞ்சள் கயாக் நின்ற இடத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தது. பைபர் படகிலிருந்து நீங்கள் கத்திய கத்தலில் பறவைகள் எல்லாம் எழும்பிப் போய்விட்டன. கடைசியில், திரும்பிப் பார்க்காமலே அவள் வாயைத் திறந்தாள்.

"இன்னாடி கம்முனு குந்திக்கினு கீற? ஒண்ணு ரெண்டு எண்ணு. ஒண்ணுன்னா வலது, ரெண்டுன்னா எடது."

பதினாலு மாதத்துக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது. நான் எண்ணினேன். கயாக் நேராகப் போக ஆரம்பித்தது. அலையாத்தி மரங்களுக்கு நடுவே ஒரு சந்து மாதிரி வாய்க்கால் பிரிந்தது, அதற்குள் போனோம். உள்ளே போனதும் உங்கள் சத்தம் நின்றுவிட்டது. தண்ணீர் பச்சையாக, ஆடாமல் கிடந்தது. வேர்கள் தண்ணீருக்கு மேலேயும் இருந்தன, தண்ணீருக்குள்ளே தலைகீழாகவும் இருந்தன. எது நிஜம், எது நிழல் என்று கொஞ்ச நேரத்துக்குப் புரியவில்லை. எண்ணுவதை நிறுத்திவிட்டேன், துடுப்புகள் தாமாகவே ஒன்றாக விழுந்தன. இப்போது சொல்லிவிடலாம் என்று தோன்றியது. "ஸ்டெல்லா, அந்த சிலிப்பு..." என்று ஆரம்பித்தேன்.

"தண்ணி மேல கம்பெனி பேச்சு வாணாம்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. ஒரு சட்டத்தைப் படிப்பதுபோல் சொன்னாள்.

அதுவே சட்டமாகிவிட்டது. அன்றிலிருந்து ஒவ்வொரு தை மாதமும் நாங்கள் இரண்டு பேர் மட்டும் போனோம். தை பிறந்ததும் ஒருநாள் ரயிலில் என் காதருகே வந்து, "சேவியர் போன் பண்ணான், தண்ணி நல்லா கீதாம்" என்பாள். அவ்வளவுதான் அழைப்பு. தண்ணீர்மேல் கம்பெனிப் பேச்சு கூடாது. ரயிலில் பேசலாம் என்றால் சுற்றிலும் முப்பது காதுகள். கரையில் பேசலாம் என்றால் எனக்குத் தைரியம் வராது. கயாக்கில் நான் எப்போதும் பின் இருக்கை. ஆகையால் அவள் முதுகையும், கொண்டையையும், கழுத்தில் சிலுவை டாலர் தொங்கும் கறுப்புக் கயிற்றையும் பார்த்துக்கொண்டேதான் ஒன்பது வருடம் துடுப்புப் போட்டேன்.

மூன்றாவது வருடம்தான் அந்தக் கூத்து நடந்தது. முதல் நாள் சனிக்கிழமை சேவியரோடு படகில் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தோம். ஏரியில் தண்ணீர் எப்போது ஏறுகிறது, எப்போது இறங்குகிறது என்று ஸ்டெல்லா ஒரு காகிதத்தில் குறித்துவைத்தாள். எப்படிக் குறித்தாள் தெரியுமா? "ஏ ஷிப்ட் முடியறப்போ தண்ணி எறங்கும், அதுக்குள்ள திரும்பிரணும்." மறுநாளும் அதே கணக்கில் போனோம். இருபது வருடம் சங்குக்கு எழுந்து சங்குக்குச் சாப்பிட்டவர்கள் நாங்கள். ஏ ஷிப்ட் முடியும் இரண்டு மணிக்கு இன்று நடப்பது நாளையும் இரண்டு மணிக்குத்தான் நடக்கும் என்பதில் எங்களுக்குத் துளி சந்தேகம் இல்லை. கடல் நீரோ ஒவ்வொரு நாளும் நேரத்தை மாற்றிக்கொண்டே போகும் என்பது அங்குள்ள கைக்குழந்தைக்குக்கூடத் தெரியுமாம். பாதி வழியில் தண்ணீர் எங்களுக்கு அடியிலிருந்து சத்தமில்லாமல் நழுவிப் போய்விட்டது. கயாக் சேற்றில் உட்கார்ந்தது. இறங்கினால் தொடை வரைக்கும் புதைகிறது. நாலு பக்கமும் பளபளவென்று சேறு, நடுவில் நாங்கள்.

கொஞ்ச தூரத்தில் ஒரு அம்மா, இறால் போடும் ஓலைப்பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, சேற்றுத் தண்ணீரில் தவழ்ந்தபடி கையால் இறால் தடவிக்கொண்டிருந்தார். ஸ்டெல்லா கையை ஆட்டிக் கூப்பிட்டாள். அவர் பறியை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் கேட்டார்.

"இன்னாம்மா, மாட்டிக்கினீங்களா?"

"ஆமாம்மா. தண்ணி எப்ப வரும்?"

"வரும்."

"அதான், எத்தினி மணிக்கு?"

"வரும்போது வரும். கம்முனு குந்தியிருங்க." பறியை மறுபடி கடித்துக்கொண்டு அவர் பாட்டுக்குப் போய்விட்டார்.

ஐந்து மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். என் வாழ்நாளில் அவ்வளவு நேரம் எதுவும் செய்யாமல் இருந்தது அன்றுதான். தூரத்தில் பூநாரைகள் நின்றன. கானலில் அவற்றின் கால்கள் தெரியவில்லை, வெளிர்சிவப்பு உடம்புகள் மட்டும் அந்தரத்தில் மிதந்தன. அதற்கும் அப்பால் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள் பென்சிலில் வரைந்து பாதி அழித்தது மாதிரி இருந்தன. காற்று நின்று போனது. வானமும் சேறும் ஒரே நிறமாகிவிட்டன. ஸ்டெல்லா தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு சாய்ந்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் லேசாகக் குறட்டை வந்தது.

நான் அப்போது பேச ஆரம்பித்தேன். சிலிப் கிடைத்தது, கிழித்தது, போட்டது எல்லாவற்றையும் அவள் கொண்டையிடம் சொன்னேன். "பாவிடி நான்" என்றேன். கண்ணீர் வழிந்தது, துடைக்கக் கை வரவில்லை. அவள் குறட்டை மாறவில்லை. சொல்லி முடித்த பிறகு பாரம் இறங்கும் என்று நினைத்தேன், இறங்கவில்லை. தூங்குகிற ஆளிடம் சொல்வது சொன்னதாகுமா? பொழுது சாய்கிற நேரத்தில் கயாக் தானாக ஒருமுறை அசைந்தது. தண்ணீர் வந்துவிட்டது. ஸ்டெல்லா தொப்பியை எடுத்துவிட்டுச் சோம்பல் முறித்தாள். "கடலுக்கு டைம் ஆபீஸ் கெடையாது போலகீதுடி" என்றாள். அந்த வாரம் முழுக்க நம் பெட்டியில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

நல்ல மழை பெய்த ஒரு வருடம், அவளுக்கு வேறு ஆசை வந்தது. தினமும் பொன்னேரி தாண்டியதும் பாலத்தின் மேலிருந்து ஆரணியாற்றைப் பார்க்கிறோமே, ஒருநாள் ஆற்றிலிருந்து நம் வண்டியைப் பார்க்க வேண்டும் என்றாள். ஒரு வேலைநாளில் இரண்டு பேரும் லீவு போட்டோம். சேவியர் கயாக்கைக் குட்டியானை வண்டியில் கட்டிப் பாலத்துக்கு மேற்கே கொண்டுவந்து இறக்கினார். விடிந்து வெகு நேரமாகியும் ஆற்றின் மேல் வெள்ளையாகப் பனி கிடந்தது. துடுப்பை மடியில் வைத்துவிட்டு, ஆறு இழுத்த போக்கில் போனோம். பாலம் பனிக்குள்ளிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. பிறகு மேலே தடதடவென்று நம் லோக்கல். லேடீஸ் பெட்டி வாசலில் நீங்கள் கையை ஆட்டினீர்கள், நாங்களும் ஆட்டினோம்.

"தோ பாரு, நாம ரெண்டு பேரும் உள்ள குந்திக்கினு போறோம்" என்றாள்.

"நாமதான் இங்க கீறோமேடி."

"அதான் சொல்றேன். ரெண்டு எடத்துலயும் கீறோம்."

வண்டி போன பிறகும் பாலம் கொஞ்ச நேரம் முனகிக்கொண்டிருந்தது. நான் அண்ணாந்து பார்த்தபடியே இருந்தேன். அந்த வண்டிக்குள் போகிற வசந்தி எந்தத் தப்பும் செய்யாதவளாக இருக்கக்கூடும் என்று ஒரு நிமிடம் நம்பினேன். பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் அந்த ஒரு நிமிடம் மிகவும் நன்றாக இருந்தது.

இந்த வருடம் எப்படியும் கரையில் வைத்துச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் போனேன். கடைசிப் பயணம் என்று எனக்கு எப்படித் தெரியும்? என் பெண்கள் இருவரும் வேலைக்குப் போகிறார்கள், இனி எனக்கு என்ன பயம்? வாய்க்காலுக்குள் அவள் அடிக்கடி துடுப்பை நிறுத்தி மூச்சு வாங்கினாள். "இன்னாடி?" என்றால், "பேஜாரா கீது, நீ போடு" என்றாள். நான் ஒருத்தியே போட்டுக் கரை சேர்த்தேன். சேவியர் வீட்டில் மீன் குழம்பு சாப்பிட்டோம், அங்கே ஆட்கள் இருந்தார்கள். சரி, பஸ்ஸில் சொல்லலாம் என்று வைத்துக்கொண்டேன். பொன்னேரி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் என் தோளில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டாள். எழுப்ப மனசு வரவில்லை. அப்பால பார்த்துக்கலாம் என்று விட்டேன்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து நீங்கள் எல்லோரும் கிளம்பிய பிறகு நான் மட்டும் அவள் வீட்டில் இருந்தேன். அவள் கணவர் தாஸ் அண்ணன் டீ போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். அவரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது என்று ஆகிவிட்டது. எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "டீய குடிம்மா, ஆறுது" என்றார்.

"அண்ணே, நான் சொன்னது..."

"அவுளுக்குத் தெரியும்மா. அந்த வாரமே தெரியும். உன் மூஞ்சிலியே எழுதி ஒட்டியிருந்துச்சின்னு ஊட்டுக்கு வந்து சொன்னா. ஒரு வருஷம் உன்ன வையாத நாளு கெடையாது."

டம்ளரைக் கீழே வைத்தேன்.

"அப்பறம் ஏண்ணே என்னை ஒரு வார்த்தை கேக்கல? நான் சொல்ல வந்தாகூட வாணாம்னுட்டாளே. என் வேல போயிடும்னா?"

"நானும் அத்தத்தான் கேட்டேன். நீ இன்னா பெரிய தியாகியான்னு கேட்டேன். சிரிச்சா. 'தியாகமும் இல்ல ஒண்ணும் இல்ல. அவ சொல்லிட்டான்னா அழுவா, நானும் சரி உடுன்னுவேன், அத்தோட தீந்துரும். அப்பால வெக்கப்பட்டுக்கினு என் பக்கமே வரமாட்டா. ஒத்தையா குந்திக்கினு நான் எப்டி தண்ணிக்குப் போறது? எனக்கு அவகூடப் போனாத்தான் நல்லா கீது'ன்னா."

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. அடிப்பாவி, ஒன்பது வருடம் என்னைத் தவிக்கவிட்டு வேடிக்கை பார்த்தாயே என்று அவள் போட்டோவைப் பார்த்துக் கத்தினேன். தாஸ் அண்ணன் தடுக்கவில்லை. கத்தி முடித்து அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். அவளிடமிருந்து நான் பிடுங்கியது வெள்ளைக் கோட்டு. அதை அவள் கடைசி வரைக்கும் திரும்பப் போடவில்லை, எடைமேடையில் வெயிலில் நின்றே போய்ச் சேர்ந்தாள். அதை எந்த ஆறும் கழுவாது. அது தெரிந்தே அவள் என் எடையைச் சொல்லித் தன்னோடு ஏற்றிக்கொண்டாள்.

போன வாரம் மேனேஜரைப் பார்த்துச் சொல்லிவிட்டேன். "இப்ப எதுக்கும்மா இதெல்லாம், அவங்கதான் இல்லையே" என்றார். அவள் பைலில் எழுதிச் சேர்க்க வேண்டும் என்று கேட்டு, கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். என்னை என்ன செய்வார்களோ செய்துகொள்ளட்டும். லேபில் ஸ்டெல்லா எடுத்த ரீடிங் சரியானது, தவறு என்னுடையது என்பதை அவளைத் தெரிந்த உங்கள் எல்லோருக்கும் இதன் மூலம் சொல்கிறேன். இதைப் படித்த பிறகு பெட்டியில் எனக்கு இடம் விடுவதும் விடாததும் உங்கள் இஷ்டம்.

அவளுடையது என்று என்னிடம் மிஞ்சியிருப்பது ஒன்பது தை மாதத்துத் தண்ணீர். அதன்மேல் அவள் என்னை ஒருமுறைகூடக் குற்றவாளியாக உட்காரவைத்ததில்லை. அதை மட்டும் நான் யாருக்கும் விட்டுத்தர மாட்டேன். தாஸ் அண்ணனுக்குத் தண்ணீர் என்றால் பயம், ஆனாலும் வரும் தையில் சேவியரின் கயாக்கில் முன்னால் உட்காருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

சொல்லிவிட்டேன், ஸ்டெல்லா. சொன்ன பிறகும் வருவேன்.